ஒன்பதாம் நாள் தொட்டி

அக்கா ஆறு வருஷமாகப் பாக்டீரியாவோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு பாக்டீரியாவின் முகத்தைக்கூடப் பார்த்தது கிடையாது. பல்கலைக்கழகத்துக் கணிதத் துறையின் மூன்றாவது மாடியில், பாதிதான் திறக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சமன்பாடு எழுதுவது அவள் உத்தியோகம்.

வைரஸ் தாக்கும்போது தப்பிப் பிழைக்கிற பாக்டீரியா, அந்த வைரஸின் மரபணுவிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தன் மரபணுவுக்குள் செருகி வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதே வைரஸ் வந்தால் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, நீதானா அந்த ஆள் என்று கண்டதுண்டமாக வெட்டிப் போட்டுவிடும். வைரஸும் சும்மா இருக்காது. அந்தத் துண்டு இருந்த இடத்தில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாத புது ஆள் மாதிரி வந்து நிற்கும். இந்தக் கண்ணாமூச்சி எத்தனை நாள் ஓடும், கடைசியில் யார் மண்ணைக் கவ்வுவார் என்று அக்கா கணக்குப் போட்டு ஒரு கட்டுரையும் வெளியிட்டிருந்தாள். அதை இதுவரை ஐந்து இடத்தில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதில் மூன்று, அக்காவே எழுதிய வேறு கட்டுரைகள்.

அம்மாவிடம் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், கிருமிக்கு ஆயுசு பார்க்கிறாள் என்பாள். மகனைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, அவன் உருப்படியாகத் தயிர் பண்ணுகிறான் என்பாள்.

தம்பி ஒரு தயிர்த் தொழிற்சாலையில் உறை அறைக்குப் பொறுப்பு. ஒரே தொட்டியில் எட்டாயிரம் லிட்டர் பால். அதில் பாக்டீரியாவை, அதாவது உறையை, ஊற்றிவிட்டு அடுத்த நாள் காலையில் அது தயிராகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதுதான் வேலை என்று அவன் சொல்லுவான். இரண்டு மாதத்தில் மூன்று தடவை அது தயிராகவில்லை. வைரஸ் புகுந்து உறையைத் தின்றுவிட்டது. காலையில் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருந்து பல்லைக் காட்டியது.

தொழிற்சாலை மேனேஜருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் சுத்தம். வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் வரும். தம்பி கையைச் சரியாகக் கழுவவில்லை என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஆய்வுத் தட்டில் புள்ளி புள்ளியாக வளர்கிற பாக்டீரியாக் கூட்டங்களில், இருப்பதிலேயே நன்றாக உறைய வைக்கிற ஒரே ஒரு புள்ளியை எடுத்து, அதை மட்டும் வளர்த்து, அதிலிருந்துதான் தொட்டிக்கு உறை போக வேண்டும். அப்புறம் முந்தின நாள் தொட்டியிலிருந்து ஒரு பாத்திரம் எடுத்து மறுநாள் பாலில் ஊற்ற வேண்டும். இது அவர் போட்ட சட்டம். கலப்படம் கூடவே கூடாது.

வேலை போய்விடும்போல இருந்ததால் தம்பி அக்காவைத் தேடி வந்தான். வெள்ளைப் பலகையில் அவள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, மீன் மாதிரி இருக்கிற அந்த எழுத்து என்ன என்று கேட்டான். வைரஸ் ஒட்டிக்கொள்கிற வேகம் என்றாள். அதற்கு மீன் எதற்கு என்றான். இப்படி ஒரு மணி நேரம் ஓடியது. கடைசியில் அக்காவுக்கு ஒன்று புரிந்தது: ஆறு வருஷமாக அவள் கற்பனையில் கட்டி வைத்திருந்த பானையைத் தம்பி நிஜத்தில் எட்டாயிரம் லிட்டரில் வைத்திருக்கிறான்.

புது உறை தொடங்கிய நாளிலிருந்து தினமும் தொட்டியிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் மாதிரி எடுத்துத் தரச் சொன்னாள். அவன் கொடுத்தான். மூன்றாம் நாளே வைரஸ் எட்டிப் பார்த்துவிட்டது. எண்களைச் சமன்பாட்டில் போட்டாள். ஒன்பதாம் நாள் தொட்டி உறையாது என்று வந்தது. வரைபடத்தில் கோடு அவ்வளவு அழகாகக் கீழே விழுந்ததில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. படத்தோடு சுத்தத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை, வெள்ளைத் தொப்பியும் ரப்பர் காலணியுமாகச் சுத்தம் தொட்டியடியில் நின்றார். வீணாகிற பாலை மாட்டுத் தீவனத்துக்கு ஏற்றிப்போக ஒரு லாரியையும் வரச் சொல்லியிருந்தார். தன் கணக்கு பலிப்பதைப் பார்க்க அக்காவும் வந்திருந்தாள். தம்பி மூடியைத் திறந்தான். தயிர் கெட்டியாக, கரண்டியைச் செருகினால் சாயாமல் நிற்கிற பதத்தில் இருந்தது.

சுத்தம் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படம் நல்லா போட்டிருந்தீங்கம்மா," என்றார்.

லாரிக்காரர் காலியாகத் திரும்பிப் போனார். போகும்போது, அடுத்த தடவை கூப்பிடுவதற்கு முன்னால் பாலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒவ்வொரு வரியாகத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அப்படியென்றால் பிசகு தம்பியிடம்தான் என்று முடிவு கட்டினாள். சிறு வயதிலிருந்தே அவளுக்குக் கைகொடுத்த முடிவு அது. ஒன்பது குப்பிகளையும் உயிரியல் துறைத் தோழியிடம் கொடுத்து, பாக்டீரியாக்கள் என்னென்ன துண்டுகளைச் செருகி வைத்திருக்கின்றன என்று படிக்கச் சொன்னாள். ஒரே புள்ளியிலிருந்து வந்த உறை என்பதால் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு மூன்று துண்டு வரும் என்று எதிர்பார்த்தாள்.

நாற்பத்தொன்று வந்தது.

நேரே உறை அறைக்குப் போனாள். தம்பி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்னடா ஊத்தின தொட்டில?"

அவன் முதலில் சட்டப்படிதான் என்றான். அப்புறம் அலமாரியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கதவைச் சாத்தினான்.

"திட்டாதேக்கா. அந்தப் புள்ளியை வளர்க்க வச்சேன்ல, சூடு ஜாஸ்தி வச்சுட்டேன். செத்துப்போச்சு. சுத்தம்கிட்ட சொன்னா தொலைச்சிடுவாரு. ஃபிரிட்ஜ்ல பழைய பாட்டில் ஆறு இருந்துச்சு, போன தாக்குதல்ல எல்லாம் பொழைச்சதோட மிச்சம். தூக்கிப் போட மறந்துட்டேன். ஆறையும் ஒண்ணா ஊத்திட்டேன்."

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒன்பது நாள் உழைப்பு, மானம் மரியாதை, லாரி எல்லாம் இவனால் போனது என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். தூங்குமூஞ்சி என்றாள். பத்து வயதில் அவளுடைய வடிவியல் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டதையும் விடவில்லை. தம்பி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் சாதாரணமாகக் கேட்டான்.

"சரிக்கா. ஆனா ஏன் உறைஞ்சுது?"

திட்டு பாதியில் நின்றுபோனது. அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டுரையின் நான்காம் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்தது. "எளிமைக்காக, எல்லாப் பாக்டீரியாக்களும் ஒரே துண்டையே நினைவில் வைத்திருப்பதாகக் கொள்வோம்." அவளே எழுதியது. எழுதியபோது இரண்டு பக்கம் மிச்சமாயிற்றே என்று சந்தோஷப்பட்டது கூட நினைவிருந்தது.

எல்லாரும் ஒரே துண்டை வைத்திருந்தால் வைரஸுக்கு ஓர் எழுத்தை மாற்றினால் போதும், ஊரையே சுருட்டிவிடலாம். ஆளுக்கொரு துண்டு வைத்திருந்தால் ஓர் எழுத்தை மாற்றி ஒரு கூட்டத்தை ஏமாற்றலாம். பக்கத்துக் கூட்டம் வேறு துண்டை வைத்துக்கொண்டு காத்திருக்கும். நாற்பத்தொரு பேரையும் ஒரே நேரத்தில் ஏமாற்ற எந்த வைரஸாலும் ஆகாது. அக்கா அப்படியே தம்பியின் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். ஒரு சமன்பாடு நாற்பத்தொன்றாகப் பெருகியது. தம்பி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, இப்போது மீன் நிறைய வந்துவிட்டது என்றான். அவள் காதில் விழவில்லை.

பழைய தோல்விகளுக்கும் அதிலேயே விடை இருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, மற்றதையெல்லாம் கழுவி ஊற்றியது சுத்தத்தின் சட்டம்தான். தம்பியின் கை அல்ல.

வெறும் கணக்கோடு மறுபடி போய் நிற்க அக்காவுக்குத் தைரியம் இல்லை. பன்னிரண்டு ஜாடி வாங்கினார்கள். ஆறில் சட்டப்படி ஒற்றைப் புள்ளி உறை, ஆறில் கலப்பட உறை. எல்லாவற்றிலும் ஒரே அளவு வைரஸ். தொட்டியில் செய்வதுபோலவே தினமும் முந்தின நாள் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் ஊற்றினார்கள். தினமும் காலையில் அக்கா வந்து ஜாடியைச் சாய்த்துப் பார்த்தாள். பாக்டீரியா வேலை செய்வதை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு நாள் யாரும் பார்க்காதபோது விரலை விட்டு நக்கியும் பார்த்தாள். ஒன்பதாம் நாள் சட்டப்படியான ஜாடிகளில் ஐந்து தண்ணீராக நின்றன, ஆறாவது பதினோராம் நாள் போனது. கலப்பட ஜாடி ஆறும் குலுக்கினாலும் அசையவில்லை.

சுத்தத்தின் மேஜையில் பன்னிரண்டையும் வரிசையாக வைத்தார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சாய்த்தார். பிறகு, ஒன்பதாம் நாள் தொட்டிக்குள் இந்தக் கலப்படம் எப்படிப் போனது என்று கேட்டார். அக்கா தன் யோசனை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்து வாயெடுத்தாள். அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"நான்தான் சார் ஊத்தினேன். வேணும்னு இல்ல. புள்ளியைச் சாகடிச்சுட்டேன், பயத்துல ஊத்தினேன்."

மறுநாள் அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. ஒன்று, இனி எல்லாத் தொட்டிகளுக்கும் பல தலைமுறை உறைகளைக் கலந்துதான் ஊற்ற வேண்டும், மீறினால் நடவடிக்கை என்று. மற்றது, விதியை மீறி உறைகளைக் கலந்ததற்காகத் தம்பிக்கு எச்சரிக்கை. இரண்டிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. தொழிலாளர்கள் கூடி நின்று சிரித்தார்கள். தம்பி எச்சரிக்கையைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினான். அவள் பேருந்தில் உட்கார்ந்து பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

புதுக் கட்டுரையில் அவள் முதல் வேலையாக, பழைய கட்டுரையின் நான்காம் பக்கம் தவறு என்று எழுதினாள். தன்னைத் தானே மறுத்து ஒரு மேற்கோள், மொத்தம் ஆறாயிற்று. தம்பியின் பெயரை இரண்டாவதாகப் போட்டாள். அவன் படித்துவிட்டு, முறைகள் என்ற பகுதியில் "தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு உறைகள் கவனமாகக் கலக்கப்பட்டன" என்ற வரியைக் காட்டி, இது பொய்யில்லையா என்று கேட்டான்.

அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு "தேர்ந்தெடுக்கப்பட்ட" என்பதையும் "கவனமாக" என்பதையும் அடித்துவிட்டு, அனுப்பும் பொத்தானை அவனையே அழுத்தச் சொன்னாள்.