கேப்பு இல்லாத இடியன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் என்னுடைய பங்கு மிகக் கொஞ்சம். போன வருடம், எண்பத்தொன்றில், புங்குடுதீவிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிற லோஞ்சுப் படகில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும். மடியில் ஒரு ஓலைப் பை. லோஞ்சு ஆடிய ஆட்டத்தில் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்துத் தந்து மணந்துகொண்டிருக்கச் சொன்னார். அந்த உரிமையில் பேச்சுக் கொடுத்தேன். எங்கெங்கோ போன பேச்சு, கரை தெரியத் தொடங்கியபோது இந்த வசனத்தில் வந்து நின்றது:

"எங்கட அப்பு கோட்டிலை, நீதவானுக்கு முன்னாலை, ஒரு உண்மை சொன்னவர், தம்பி. அதாலைதான் என்ரை மனிசன் கடலோடை போனது."

நான் எழுதுகிறவன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தேசிக்காயோடு நிறுத்தியிருப்பார். அவருக்கு மேரிஜோசப்பின் என்று பெயர் வைத்திருக்கிறேன். தகப்பன் மரியநாயகம், கணவன் லியோன். நெடுந்தீவில் கடற்தொழில் செய்கிற வேதக்காரக் குடும்பம், அதாவது கத்தோலிக்கர்.

2

தொடக்கங்களில் நான் கெட்டிக்காரன் இல்லை. பாருங்கள்:

"கடல் அன்று அமைதியாக —"

வேண்டாம். தீவுக் கதையைக் கடலில்தான் தொடங்கவேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

"1971இல் தெற்கில் வெடித்த கிளர்ச்சியைத் தொடர்ந்து நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, ஆயுதங்கள் தொடர்பான —"

இது பத்திரிகைக்காரன் வேலை. வாசகர் இரண்டாவது காற்புள்ளியோடு நித்திரை.

"மரியநாயகத்திடம் ஒரு துவக்கு இருந்தது."

இது பரவாயில்லை. ஆனால் ஒரு சங்கடம். இந்தக் காலத்தில் துவக்கு என்றதும் வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார், யாரோ யாரையோ சுடப்போகிறார்கள் என்று. இங்கே யாரும் யாரையும் சுடுவதில்லை. ஒரு வெடி தீர்க்க முடியாமற்போனதுதான் கதை. ஏமாற்றமாக இருந்தால் இப்போதே எழுந்து போகலாம், கோபிக்கமாட்டேன்.

3

மரியநாயகத்திடம் ஒரு துவக்கு இருந்தது. இடியன். குழலின் வாயால் வெடிமருந்தைப் போட்டு, தும்பு வைத்து, கம்பியால் இடித்து நிரப்புகிற பழைய சாமான். அது வெடிக்கவேண்டுமென்றால் பின்பக்கத்து முலையில் கேப்பு என்கிற சின்னச் செப்புத் தொப்பி ஒன்று போடவேண்டும். குதிரை அதில் அடித்தால்தான் பொறி பறக்கும். கேப்பு இல்லாவிட்டால் இடியனை ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம், அதுவும் பாரம்.

அவர் வேட்டைக்காரர் இல்லை. காலில் திருக்கை குத்தி நரம்பு இழுத்துக்கொண்டதிலிருந்து கடலுக்கும் போவதில்லை. தை, மாசியில் சில விடியற்காலைகளில் கடல்மேல் பனிமூட்டம் இறங்கும். வள்ளத்தில் இருப்பவனுக்குத் தன் அணியமே, வள்ளத்தின் முன்முனையே, தெரியாது. அப்படியான நாட்களில் மரியநாயகம் நொண்டிக்கொண்டு கரைக்குப் போவார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி தீர்ப்பார். மறுபடி நிரப்பி இன்னொன்று. மூட்டம் கலையும்வரை வீட்டுக்கு வரமாட்டார். கோயில் மணிச் சத்தம் மூட்டத்துக்குள் எல்லாப் பக்கத்தாலும் வருமாம், வெடிச் சத்தம் மட்டும் கரைப்பக்கத்தால் வருமாம். கடலுக்குப் போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வெடியைக் கேட்டுக் கரை சேர்ந்த வள்ளம் ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு மீன் கொடுக்கும். அதற்கு வெடிமீன் என்று பெயர். காசு கொடுத்தால் அவர் வாங்கமாட்டார், அதை அவமானமாக எடுத்துக்கொள்வார்.

லைசென்ஸில் இதெல்லாம் இல்லை. அதில் இருந்த காரணம்: பயிர்பாதுகாப்பு. மரியநாயகத்துக்கு ஒரு முழப் பயிரும் கிடையாது. காணிக்காரர் அம்பலவாணர் மனமிரங்கி, தன் குரக்கன் காணியைக் காகத்திடமிருந்து காப்பவர் இவர் என்று சொல்லி எடுத்துக் கொடுத்த லைசென்ஸ் அது. சட்டத்துக்குப் பயிர் தெரியும், பன்றி தெரியும், காகம் தெரியும். மூட்டத்தில் வழி தவறிய வள்ளம் தெரியாது.

எழுபத்தொன்றில் ஒரு கட்டளை வந்தது. லைசென்ஸ் உள்ள துவக்கை வைத்திருக்கலாம், ஆனால் கேப்பு வைத்திருக்கக்கூடாது.*

* இந்தக் கட்டளையை நான்தான் செய்தேன். அரசாங்க வர்த்தமானியில் தேடிக் களைத்துப்போகவேண்டாம். லோஞ்சில் அந்த அக்கா சொன்னது "கேப்பைத் தடைபண்ணிப்போட்டாங்கள்" என்பதை மட்டும்தான். எழுத்தாளன் ஒரு அரசாங்கம் நடத்தவேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் வந்தார்.

"துவக்கு உம்மோடையே இருக்கட்டும். கேப்பை மட்டும் தாரும்."

பல்பொடித் தகரத்தில் இருந்தவற்றை மரியநாயகம் அப்படியே எடுத்துக் கொடுத்தார். இடியன் மூலையில் நின்றது. அன்றிலிருந்து அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

4

வழக்குப் போட்டவர் மரியநாயகம். போடவைத்தவர் அம்பலவாணர். தான் எடுத்துக் கொடுத்த லைசென்ஸில் அரசாங்கம் கைவைத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. வழக்குப் பேசிய பிரக்கிராசியாரும் உற்சாகமான மனிதர். துவக்குக்கு அனுமதி கொடுத்தவர்கள் அது வெடிப்பதற்கும் அனுமதி கொடுத்தவர்கள்தானே என்பது அவருடைய வாதம். "பூட்டை நீயே வைத்திரு, திறப்பை மட்டும் தா என்றால் வீட்டுக்காரன் எங்கே போவான்?" கேப்பு துவக்கின் உறுப்பா, தனிச் சாமானா என்று இரண்டு தவணை வாதாடினார்கள்.

(இந்த வாதத்தை முதலில் நாலு பக்கம் எழுதினேன். எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் கிழித்துவிட்டேன். மூட்டத்தில் நிற்பவனுக்கு அந்த நாலு பக்கத்தால் என்ன பிரயோசனம்?)

கடைசியில் நீதவான் இறங்கி வந்தார். லைசென்ஸில் சொன்ன காரணத்துக்காகவே துவக்கைப் பாவிக்கிறார் என்று மனுக்காரர் சத்தியம் பண்ணிச் சொன்னால், கேப்புகளைத் திருப்பிக் கொடுக்க யோசிக்கலாம் என்றார். பிரக்கிராசியார் வெளியே வந்து மரியநாயகத்தின் தோளில் தட்டினார்.

"வெண்டிட்டம். கேட்டால் காகம் எண்டு சொல்லும். அவ்வளவுதான்."

"வேதப்புத்தகத்திலை கை வைச்சோ?"

அம்பலவாணருக்குச் சிரிப்பு வந்தது. "நானும் கடவுளைக் கும்பிடுறனான்தான், மரியநாயகம். ஒரு சின்னச் சொல்லு. அதாலை ஆர் சாகப்போகினம்?"

5

"நீர் இந்தத் துவக்கை எதற்குப் பாவிக்கிறீர்?" என்று நீதவான் கேட்டார்.

மரியநாயகத்தின் கை வேதப்புத்தகத்தைவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தது. காகம் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. லோஞ்சில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பழகியும் பார்த்திருந்தார். அப்போது மேசையடியில் ஒரு எழுதுவினைஞர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் சொல்வது அத்தனையும் எழுதப்படும்.

"ஐயா," என்றார் மரியநாயகம், "காகத்துக்கும் எனக்கும் ஒரு கோவமும் இல்லை."

கோட்டில் சிரித்தார்கள்.

"கடலிலை நிக்கிற பிள்ளையளுக்குக் கரை காட்ட வெடி வைக்கிறனான். என்ரை மருமோனும் அதைக் கேட்டுத்தான் வாறவன். மூட்டத்திலை வேறை ஒண்டும் கேளாது, ஐயா."

பிரக்கிராசியார் கண்ணை மூடிக்கொண்டார். நீதவான் முன்னால் இருந்த லைசென்ஸை ஒருமுறை பார்த்தார். ஒரு வழி திறந்துவைக்கப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"ஒரு முறையாவது பயிருக்காக வெடி வைத்ததில்லையா? யோசித்துச் சொல்லும்."

"இல்லை, ஐயா. சத்தியம் பண்ணிப்போட்டன்."

லைசென்ஸில் இல்லாத காரணத்துக்குத் துவக்கைப் பாவித்ததாகத் தீர்ப்பு வந்தது. கேப்புக் கேட்டுப் போனவரிடமிருந்து இடியனையும் வாங்கிக்கொண்டார்கள்.

6

இந்த இடத்தில் மரியநாயகத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முதல் பிரதியில் அவரைப் புனிதராக்கினேன். வாசித்துப் பார்த்தேன், தலையைச் சுற்றி ஒளிவட்டம்தான் இல்லை. இரண்டாவதில் வெகுளியாக்கினேன். அதுவும் ஒட்டவில்லை. பிறகுதான் அந்த எழுதுவினைஞரைக் கொண்டுவந்து மேசையடியில் இருத்தினேன். அத்தனை வருடம் மரியநாயகம் செய்த வேலைக்கு எந்தக் கடதாசியிலும் பெயர் இல்லை. முதன்முறையாக ஒருவர் பேனாவோடு கேட்கிறார். அந்த இடத்தில் போய்க் காகம் கலைக்கிறவன் என்று தன்னை எழுதுவிக்க அவருக்கு மனம் வரவில்லை. அதோடு, விளக்கமாகச் சொன்னால் யாருக்கும் விளங்கும் என்று நம்பினார். அவருடைய பிழை அதுதான். பாதி சத்தியம், பாதி பெருமை. இப்படி எழுதியதற்கு அக்கா என்னைத் திட்டக்கூடும்.

அடுத்த தையில் மூட்டம் இறங்கிய காலை, லியோன் கடலில் நின்றான். கோயில் மணி அடித்தார்கள். மரியநாயகம் கரையில் நின்று மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தடியால் அடித்தார். அது நெளிந்து ஒட்டிப்போகும்வரை அடித்தார். மற்ற வள்ளங்கள் எங்கெங்கோ கரை தட்டி ஒருவாறு வந்து சேர்ந்தன. லியோனின் வள்ளத்தை மறுநாள் தெற்குப் பக்கத்துப் பாரில், கடற்பாறைகளுக்கு நடுவே, கண்டார்கள். வலை உள்ளே இருந்தது. லியோன் —

[இந்த வசனத்தை முடிக்கமாட்டேன்.]

ஊரில் ஒருவரும் மரியநாயகத்தைக் குறை சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை. நொண்டிக் காலோடு கரையோரத்தில் வீச்சுவலை எறிந்து, அகப்பட்டதை மகள் சமைக்கிற குசினி வாசலில் கொண்டுவந்து வைப்பார். வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுவார். உள்ளே உட்காரக் கதிரை இருந்தது. அவர் அதில் இருக்கவில்லை. இருக்கச் சொல்லி மகளும் கேட்கவில்லை. அவர் சாகும்வரை அப்படித்தான். இதை லோஞ்சில் சொன்னபோதுதான் அக்காவின் குரல் ஒருமுறை தடக்கியது.

7

எனக்குப் பொறுக்கவில்லை. அரசாங்கமே நடத்துகிறவன் ஒரு மனிதனைக் காப்பாற்றக்கூடாதா என்று இன்னொரு முடிவு எழுதினேன்.

அதில் மரியநாயகம், "ஓம் ஐயா, காகம்," என்கிறார். பேனா அதை எழுதுகிறது. கேப்புகள் தகரத்தோடு திரும்பி வருகின்றன. தை வருகிறது, மூட்டம் வருகிறது. மரியநாயகம் வானத்தைப் பார்த்து வெடி தீர்க்கிறார். மூட்டத்துக்குள் லியோன் தலையைத் திருப்புகிறான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் நற்கருணை வாங்க எழும்பும்போது மரியநாயகம் மட்டும் மரவாங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார். பொய்ச் சத்தியம் பண்ணியவர். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவர் எழும்புவதில்லை.

இரண்டு முடிவையும் எடுத்துக்கொண்டு இந்த வருடம் நெடுந்தீவுக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் முகம் இறுகியது. திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "வாசியும், கேப்பம்," என்றார்.

வாசித்தேன். பெருமை என்று நான் எழுதிய இடத்தில் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது முடிவும் முடிந்தது. முற்றத்தில் காயப்போட்டிருந்த கருவாட்டில் ஒரு காகம் வந்து இருந்தது. அவர் அதைக் கலைக்கவில்லை.

"வெடி கேட்டு இவர் கரைக்கு வந்திட்டார்," என்றார்.

"ஓம், அக்கா."

"வந்தாப் பிறகு?"

"அதோடை முடியுது."

"சாப்பிட்டிருப்பார்தானே. பசியோடைதான் வாறவர்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்பு வெடிமீன் வாங்கிக்கொண்டு வந்திருப்பார். நான் காய்ச்சியிருப்பன். நீர் அதை எழுதேல்லை."

"எழுதேல்லை."

"எழுதும், தம்பி. அப்புவுக்கு உள்ளுக்கை ஒரு கதிரை போட்டு எழுதும்."

ஓமென்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து எத்தனையோ தரம் எழுதிப் பார்த்துவிட்டேன்.

"மரியநாயகம் மீனோடு வாசலில் வந்து நின்றார். மேரிஜோசப்பின் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டு —"

"மேரிஜோசப்பின் கதிரையை —"

ஒவ்வொரு முறையும் அவர் மீனை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். பொய் சொன்ன மரியநாயகமும் அப்படித்தான் நடக்கிறார், உண்மை சொன்னவரும் அப்படித்தான். நான் கூப்பிட்டு அவர் திரும்பமாட்டார். நான் அவருக்கு யார்?

அதனால் இந்த இடத்தில் உங்களிடம் விட்டுவிடுகிறேன். எந்த முடிவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கதிரை குசினிச் சுவரோடு இருக்கிறது. சோறு வடித்தாயிற்று. அவர் இன்னும் வேலிப் படலையைத் தாண்டவில்லை, கால் ஏலாத மனிதர், மெல்லத்தான் போகிறார். குரல் கொடுத்தால் கேட்கும். "இருங்கோ, அப்பு," என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.