கட்டைவிரல் அகலத்தில் வெறும் இரும்பு

1

இந்தக் கதைக்கு மூலம் பெயின்ட் சுரண்டப்பட்ட ஓர் இரும்புக் குழாய். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் போர்க்கால விமானத்தளம் ஒன்று இருக்கிறது. விமானங்கள் போய் வெகுகாலம் ஆயிற்று. இப்போது மாதம் ஒரு ஞாயிறு எங்கள் சங்கம் அங்கே கார் ஓட்டுகிறது. ஒவ்வொரு காராகத் தனியே விட்டு நேரம் எடுப்போம். பெரும்பாலானவை வீட்டுக் கேரேஜில் செய்தவை: சதுரக் குழாய்களை வெட்டி வெல்டிங் வைத்த கூடு, ஸ்கிராப்புக்குப் போன குடும்பக் காரின் எஞ்சின், கூரை கிடையாது. வளைவில் கொடி பிடிப்பது என் வேலை.

சென்ற மே மாதம் ஒரு பச்சைக் கார் டிரெய்லரை விட்டு இறங்கவே இல்லை. பக்கத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து ஒரே ஃபிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சீட்டுகளுக்குப் பின்னால் குறுக்கே போகும் குழாயில், கட்டைவிரல் அகலத்துக்குப் பெயின்ட் போய் இரும்பு தெரிந்தது.

"ஓடலையா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு இல்ல," என்றார் அவர்.

அவ்வளவுதான். மீதி எல்லாம் நான் செய்தது.

2

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்லாமல் கதைக்குள் போக முடியாது. (இதைத் தாண்டிப் போகிறவர்கள் ஐந்தாம் பகுதியில் திரும்பி வருவார்கள். எனக்குத் தெரியும்.)

ஓட்டுபவரைச் சீட்டோடு பிடித்துவைக்கும் தோள் பெல்ட்டுகள் அந்தக் குழாயில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. கார் ஓடும்போது அதற்கு வேலையே இல்லை. பல வருடம் சும்மா இருந்துவிட்டு, கார் எதிலாவது மோதும் அந்தக் கணத்தில், ஒரு மனிதனைப் போல் இருபது மடங்கு எடையை அது தாங்க வேண்டும். தாங்குவது குழாய் என்பதுகூடச் சரியில்லை. அதன் இரண்டு முனைகளையும் கூட்டோடு சேர்க்கும் வெல்டிங்தான் தாங்குகிறது.

வெல்டிங் என்பது இரும்பை ஒரு நொடி குழம்பாக்கி மறுபடி உறையவிடுவது. குழம்பாக இருக்கும் அந்த நொடியில் காற்று பட்டால் கெட்டுப்போகும். அதனால் மெஷின், கம்பியோடு சேர்த்து ஒரு வாயுவையும் விடுகிறது. குழம்பின் மேல் அது போர்வை மாதிரி கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத போர்வை. ஒரு காற்று அடித்தால் போதும், விலகிவிடும். உறைந்தபின் உள்ளே, பிட்ட இட்லி போல, சின்னச் சின்னத் துளைகள்.

3

அந்த ஆணுக்கு லென் டவ்ஸ் என்று பெயர் வைத்தேன். முதல் வரைவில் அவர் முப்பது வருடம் வெல்டிங் வேலை பார்த்தவர். சங்கத்தில் எனக்குத் தெரிந்த வெல்டர் ஒருவரிடம் காட்டினேன். "நல்ல வெல்டிங் சட்டியில பேக்கன் கறி பொரியிற மாதிரி சத்தம் போடும். வாயு போயிட்டா எச்சில் துப்பும். முப்பது வருஷக்காரனுக்கு அது கேக்காதா?" என்றார்.

ஆகவே லென் இப்போது ஓய்வுபெற்ற தபால்காரர். வயது அறுபத்து மூன்று. மாலை வகுப்பில் வெல்டிங் கற்றவர். வேலை செய்யும்போது காதுகளை மூடிக்கொள்வார். முன்பு ஒருமுறை பாதிக் கூடு கட்டியபோது, யாரோ கோணல் என்று சொன்னதற்காக அதை முழுவதும் அறுத்துப்போட்டவர். (இது பின்னால் தேவைப்படும்.)

அந்தப் பெண் பெவ் லீக், பக்கத்து வீட்டுக்காரி. நாற்பது வயது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. கணக்கும் வயரிங்கும் அவளுடையவை, வெல்டிங் அவருடையது. கேரேஜும் அவருடையது. கட்டி முடிக்க நான்கு வருடம். ஒரே காரை இருவரும் மாறி மாறி ஓட்டுவதாகப் பேச்சு.

4

அன்று காலை சமவெளியின் மேல் காற்று—

(இல்லை. காற்று கதவு வழியாக வரட்டும்.)

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு பிப்ரவரி சனிக்கிழமை. லென் பெல்ட் கட்டும் அந்தக் குழாயை வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். பெவ் அவர் தோளைத் தட்டினாள்.

"லென், புகை தொண்டைய அடைக்குது. கதவத் தூக்கவா?"

"தூக்கு கண்ணு. அப்புறம் குளிருதுன்னு பொலம்பக் கூடாது."

தூக்கினாள். வேலை முடிந்ததும் குனிந்து பார்த்தாள். "புறா எச்சம் போட்ட மாதிரி இருக்கு."

"நீ பேசாத. உன் வயரிங்கு? நூடுல்ஸ டப்பாவுல அடச்சு மூடி வச்சிருக்க."

சிரித்தார்கள். ஆனால் அன்று சாயங்காலமே லென் கிரைண்டரை எடுத்து அந்த வெல்டிங்கை வழவழப்பாக்கிவிட்டார். வீட்டில் கார் கட்டுகிறவர்கள் மட்டுமே செய்யும் தப்பு இது. மேடாக இருக்கும் உலோகம்தான் பலம். அழகுக்காக அதைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். தேய்த்ததன் மேல் பெயின்ட் அடித்தால் குழாய் வார்த்தது போல இருக்கும். சங்கத்தில் எல்லோரும் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் இரண்டு கழிவுத் துண்டுகளைச் சேர்த்து மாதிரி வெல்டிங் ஒன்று வைப்பார்கள். வைஸ் இடுக்கியில் பிடித்து உடைத்துப் பார்ப்பதற்காக. லென்னுக்கு உடைக்க மனம் வராது. அன்றைக்குப் பெவ் கதவைத் தூக்கியபின் வாயுவைத் திருத்திக்கொண்டு ஒரு மாதிரித் துண்டு வைத்துப் பார்த்தார். அதன் மேலும் சாக்பீஸில் தேதி எழுதி, மற்றவற்றோடு தேதி வாரியாக அலமாரியில் அடுக்கினார். தபால்காரர் அல்லவா.

5

பச்சைக் காரின் முதல் பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமை, டிரெய்லர் சக்கரத்துக்கு அடை கொடுக்க பெவ் அலமாரியிலிருந்து ஒரு மாதிரித் துண்டை எடுத்தாள். டிரெய்லர் ஏறியதும் அது பிஸ்கட் போல இரண்டாகப் பிளந்தது. உள்ளே முழுக்கத் துளைகள். தேதியைப் படித்தாள்: அந்தப் பிப்ரவரி சனிக்கிழமை. கதவை நினைத்தாள். இரண்டு துண்டுகளையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்போதே ஏன் சொல்லவில்லை? இங்கேதான் நான் இரண்டு வாரம் நின்றுவிட்டேன். சொன்னால் லென் இந்தக் கூட்டையும் அறுத்துப்போடுவார் என்று பயந்தாள் என எழுதினேன். உண்மைதான், பாதி. மறுபாதி: கதவைத் தூக்கியது அவள், புறா எச்சம் என்றதும் அவள். சொல்லாவிட்டால் ஒருவர் சாகலாம். தெரிந்துகொண்டே வெள்ளியும் சனியும் போகவிட்டாள். மனிதர்கள் அப்படிச் செய்வார்களா என்று சந்தேகப்பட்டேன். அப்புறம் என்னையே நினைத்துப்பார்த்து, எழுதினேன்.

ஞாயிறு காலை பரிசோதகர் வந்தார். பெல்ட்டை இழுத்தார், குழாயைத் தடவினார். "நம்ம ஆளுங்க எல்லாரும் இப்படி வேல செஞ்சா எனக்கு லேசு," என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்.

"நான் முதல்ல போறேன்," என்றாள் பெவ்.

"இல்ல, நான் போறேன்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரே காரை இருவர் ஓட்டும்போது யாரும் முதலில் போக விரும்புவதில்லை. முதல் ஆள் குளிர்ந்த டயரில் வழுக்கிக்கொண்டு போவார். இரண்டாம் ஆளுக்குச் சூடான டயர் கிடைக்கும். நான்கு வருடமாக லென் இரண்டாவது இடத்துக்குத் துண்டு போட்டு வைத்திருந்தார்.

"டயர் சூடாவட்டும்னு நீங்கதானே சொல்லிட்டே இருந்தீங்க."

"வயசாயிடுச்சு, காத்திருக்க முடியல. நீ உக்காரு."

"லென்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கோட்டுப் பையைப் பார்த்தார். தேதி வாரியாக அடுக்கிய அலமாரியில் ஓர் இடைவெளி இருந்தால் தபால்காரருக்குத் தெரியாமல் போகுமா?

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

பெவ் துண்டுகளை எடுத்து மடக்கு மேசையில் வைக்கிறாள். அல்லது, லென் தானே போய்ப் பந்தயப் பட்டியலிலிருந்து இருவர் பெயரையும் எடுத்துவிட்டு, எஞ்சின் சரியில்லை என்று பொய் சொல்கிறார். அல்லது, இருவரும் ஓட்டுகிறார்கள், ஒன்றுமே ஆகவில்லை. மூன்றாவதுதான் நடப்பதற்கு மிகவும் சாத்தியமானது. அதனாலேயே கிழித்தேன். ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த மாதமும் ஓட்டுவார்கள்.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். சுரண்டிய இடம் ஒன்றல்ல, இரண்டு. குழாயின் இடது முனையில் ஒன்று, நாணயத்தின் விளிம்பால் அவசரமாகக் கீறியது. வலது முனையில் இன்னொன்று, உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்தது. இரண்டு கைகள். ஒருவர் அந்தப் பக்கம் போனபோது மற்றவர், பெயின்ட்டுக்கு அடியில் வெல்டிங்கைப் பார்க்க, செய்திருக்க வேண்டும். கதைக்கு ஒன்று போதும் என்று நினைத்தேன், போதவில்லை.

ஆகவே கார் ஏன் இறங்கவில்லை என்பது தெரிந்த கதைதான். யார் முதலில் வாய் திறந்தார் என்பது எனக்குத் தெரியாது. அதை உங்களிடம் விடுகிறேன். அடுத்த சனிக்கிழமை அவர்கள் கேரேஜில் இருப்பார்கள். குழாய் அறுத்து எடுக்கப்பட்டிருக்கும், புதியது கிளாம்பில் நிற்கும், வைஸில் ஒரு மாதிரித் துண்டு உடைபடக் காத்திருக்கும். யாரை வேண்டுமானாலும் முதலில் பேசவையுங்கள்.

அதற்குமுன் கதவை மட்டும் இறக்கிவிடுங்கள். வெளியே காற்று.