ஒரே இலையின் இரண்டு பாதிகள்

மறுநாள் பதினொரு மணிக்குப் பத்திரப் பதிவு. முதல் நாள் மதியம் என் தங்கை அருணாதேவி ஒரு மஞ்சப்பையோடு வந்தாள்.

"நீங்க பாத்து உறுதி பண்ணுனதாச் சின்னண்ணன் சொன்னாக. கையெழுத்துப் போடுமுன்ன உங்க வாயால ஒருவாட்டி கேட்டுக்கிறலாம்னு வந்தேன்."

"நான் எதைத் தாயி உறுதி பண்ணுனேன்?"

அவள் சொல்லச் சொல்ல விஷயம் வெளியே வந்தது. சின்னண்ணன் என்பது என் தம்பி அருள்பாண்டி. அவனுடைய மானாவாரிக் காட்டில் போர் போட்டபோது அறுநூறு அடியில் நிலக்கரி வந்ததாம். தங்கச்சி பிழைக்கட்டும் என்று அந்தக் காட்டை அவளுக்கே எழுதித் தருகிறானாம். பதிலுக்கு அவளுடைய கிணற்றுத் தோட்டம் போதுமாம். மல்லாங்கிணறு பக்கத்தில் சித்திரையிலும் வற்றாத கிணறு அது. புருசன் இல்லாத அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அதுதான் சோறு.

"பெத்தணன் அண்ணன் சொன்னா யாரு மறுக்கப் போறாகன்னு உங்க பேரச் சொன்னாக."

நான் கோதாவரிக் கரையில் நிலக்கரி தேடித் துளையிடும் வேலையில் இருபத்திரண்டு வருசம் இருந்தவன். பையை வாங்கிப் பிரித்தேன். கொஞ்சம் கரித்துண்டு, துணியில் சுற்றிய ஒரு கல்.

செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக் கரியைப் போட்டேன். மிதந்தது.

"நெலக்கரின்னா முங்கிரும். இது மரக்கரி, பட்டாசுக்குப் போறது. அவன் சாத்தூர்க் கம்பெனிகளுக்குக் கரி லோடு அடிக்கிறவந்தான?"

நான் விளக்கினேன். நிலக்கரி மணல்பாறை அடுக்குகளுக்கு நடுவில் கிடப்பது. பழைய ஆறு ஒன்று மணலைக் கொட்டுகிறது. அதன்மேல் சேறு, சேற்றில் காடு. மரங்கள் சாய்ந்து, தண்ணீருக்கடியில் முழுசாக அழுகாமல் புதைகின்றன. ஆறு திசைமாறி வந்து மறுபடி மணலைக் கொட்டுகிறது. இப்படி அடுக்குமேல் அடுக்கு. இருபத்தேழு கோடி வருசத்தில் மணல் பாறையானது, காடு கரியானது. நம்ம ஊரிலோ கரிசல் மண்ணையும் சுக்கான் கல்லையும் தாண்டினால் கருங்கல். பூமியில் மரமே முளைக்காத காலத்தில், ஆழத்தில் வெந்து இறுகியது. அதற்குள் கரி இருக்க வழியே இல்லை.

"அப்ப இந்தக் கல்லு? இலையெல்லாம் தெரியுதேண்ணே."

கைக்கு அடங்கும் உருளை அது. நம்ம ஊர் போர் வண்டி கல்லை இடித்துத் தூளாக்கி ஊதித் தள்ளும். முழுக்கல் மேலே வராது. வாயில் வைரம் பதித்த குழாயை வைத்து அறுத்தால்தான் கல் இப்படி உருளையாக வரும். அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் அதன் தட்டை முகத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறக் கல்லில் கருப்பாக, நாக்கு மாதிரி ஓர் இலை. நடுவில் ஒரு நரம்பு, இருபுறமும் வலை.

என் கல். நூற்றெண்பத்தேழு மீட்டர் ஆழத்திலிருந்து நான் எடுத்தது. இலை படிந்த இடத்தில் இரண்டாகப் பிளந்து, இரு முகத்திலும் இலை பதிந்திருந்தது. ஒரு பாதியை அருள்பாண்டியின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குக் கொடுத்தேன். டிவி பக்கத்தில் கண்ணாடிக்குள் வைத்திருந்தான். கூடப் பிறந்தவளை ஏமாற்ற என் பெயரோடு என் கல்லையும் எடுத்திருக்கிறான்.

பீரோவிலிருந்து மற்ற பாதியை எடுத்து வந்து இதன்மேல் வைத்தேன். மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியது.

"பாத்தியா? ரெண்டும் ஒரே கல்லு."

அவள் அவற்றைப் பிரித்தாள், மூடினாள், மறுபடி பிரித்தாள்.

"ஒண்ணு அவுககிட்ட. ஒண்ணு உங்ககிட்ட."

"தாயி, அதுக்காக நானும் கூட்டுன்னு..."

"போர்ல கரி வந்துச்சுன்னு மூணு மாசமா ஊரே பேசுதுண்ணே. உங்க காதுல விழவே இல்லையா?"

விழுந்திருந்தது. டீக்கடையில் கேட்டு, தம்பியின் வழக்கமான அளப்பு என்று சிரித்துவிட்டு வந்திருந்தேன். அதை அவளிடம் சொன்னேன்.

"சிரிச்சீகளா," என்றாள்.

இரண்டு பாதிகளையும் மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு நான் வரலன்னு சொல்லிருங்க."

"நீயே அவன் மூஞ்சியப் பாத்துக் கேளு. நானும் வாறேன்."

"வேணாம். அண்ணன் தம்பி பேசிக்கங்க."

அவள் வாசலில் செருப்பை மாட்டினாள். போயிட்டு வாறேன் என்று சொல்லாமலே தெருவில் இறங்கினாள்.