நலங்கு வைத்த கையில் ஊசி

“நீ குடுத்தனுப்பினது உன் ரத்தம் இல்ல. யாருது?” என்று கேட்டாள் கெசியா.

சௌமியா மஞ்சள் பூசிய கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அடுப்பங்கரையிலிருந்து அவள் அம்மா கோவிந்தம்மாள்தான் பதில் சொன்னாள். நலங்கு வைத்த பெண்ணின் உடம்பில் ஊசி படக் கூடாதாம். அதனால் ரத்தம் கொடுக்கப் பக்கத்து வீட்டு ஃபரீதாவை அனுப்பிவைத்தாளாம்.

“ரத்தந்தானே கேட்டீங்க மேடம்? அவளும் இவ வயசுதான்.”

கெசியாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. வேலூர் ஆய்வுக்கூடத்தில் அந்த ரத்தத்தோடு பல நாள் மல்லுக்கட்டியிருந்தாள். இந்தப் பெற்றோரிடமிருந்து வந்த அடையாளம் எதுவும் அதில் இல்லை. தன் சோதனைதான் தப்பு என்று திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் அணைக்கட்டுக்குப் பஸ் ஏறினாள்.

சௌமியாவின் தம்பி பரணிதரனுக்குத் தொப்புள்கொடி விழுந்த அன்று ரத்தம் நிற்கவில்லை. அன்று பிழைத்தவன், போன வருடம் விளையாட்டில் விழுந்து, தலைக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோனான். அதற்கு முன் எடுத்துவைத்த அவன் ரத்தத்தில்தான் கெசியா அந்த மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தாள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டும் சேர்ந்தால் நோய். ஒன்று மட்டும் உள்ளவர்களுக்கு எதுவும் தெரியாது.

கோவிந்தம்மாளின் தம்பி சம்பத்துக்கும் ஒன்று இருந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அவன்தான் வெள்ளிக்கிழமை சௌமியாவுக்குத் தாலி கட்டப்போகிறவன். பரணியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன். கெசியா விஷயத்தைச் சொன்னதும், சௌமியாவுக்கும் இருந்தால் கல்யாணத்தை நிறுத்திவிடுவதாகச் சொன்னான்.

பந்தல்காரர்கள் கூப்பிட, கோவிந்தம்மாள் வெளியே போனாள். சௌமியா சட்டென்று கையை நீட்டினாள்.

“எடுங்கக்கா. அம்மா வர்றதுக்குள்ள.”

கெசியா ரப்பர் பட்டையை இறுக்கினாள். மஞ்சளைத் துடைத்ததும் பஞ்சு நிறம் மாறியது. முடிவு எப்போது தெரியும் என்று சௌமியா கேட்டாள். ஒரு மாசம் ஆகும் என்றாள் கெசியா.

“இருக்குமா?”

“மூணுல ரெண்டு பங்கு வாய்ப்பு இருக்கு. இல்லாமலும் போகலாம்.”

குழாயில் ரத்தம் ஏறுவதையே சௌமியா பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் மூங்கில் ஊன்றும் சத்தம் நின்று, ஒரு மொபெட் வந்து நின்றது.

“மாமாதான் வர்றாரு,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “எனக்கும் இருக்குன்னு இப்பவே சொல்லிடுங்கக்கா.”