மேயப் போன கவனம்

ஈச்சம்பாளையத்தில் உடம்பில் இரும்புச்சத்து குறைந்தவர்களின் கவனம் மேயப் போய்விடும். மற்ற ஊர்களில் இது பேச்சுக்குச் சொல்வது. இங்கே அது நிஜமாகவே தெருவில் இறங்கி, கண்ட வேலியிலும் வாய் வைத்து, கடைசியில் தெருமாடுகளை அடைக்கிற பவுண்டில் போய் மாட்டிக்கொள்ளும். மாடுகள் ஒரு பக்கம், கவனங்கள் ஒரு பக்கம்.

தவமணியின் ஒரே மகள் இளவஞ்சி. அவள் கவனம் போய் ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது. சோற்றை வாயில் வைத்துவிட்டு மென்று விழுங்க மறந்துவிடுவாள். கூப்பிட்டால் திரும்புவாள், பார்க்க மாட்டாள். பெற்ற பிள்ளை ஒரு தடவை முகத்தைப் பார்த்து அம்மா என்று சொல்லாதா என்று தவமணி ஏங்கிப்போய்க் கிடந்தாள்.

ரத்தம் சோதித்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "இரும்புதாம்மா கவனத்தைக் கட்டிப்போடற முளைக்குச்சி. துத்தநாகம் கயிறு, மெக்னீசியம் முடிச்சு. கயிறும் முடிச்சும் சுமாரா இருக்கு, முளையே இல்லையே! என்ன சாப்பிடக் குடுக்கறீங்க?"

"தினமும் முருங்கைக்கீரை டாக்டர். சாப்பிட்ட கையோட ஒரு டம்ளர் டீயும் குடுத்துருவேன்."

"நல்லா இருக்கு போங்க! சோத்து மேலேயே டீயை ஊத்துனா இரும்பு எங்க ஒட்டும்?"

தவமணி அன்றே டீயை நிறுத்தினாள். ஆனால் முளை வளர நாளாகும். அலைந்து திரிந்த இளவஞ்சியின் கவனம் அந்த வாரம்தான் பவுண்டில் மாட்டியிருந்தது. அங்கே ஆள் வந்து கூட்டிப்போகாததையெல்லாம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். பிறகு அது எந்த ஊர்ப் பிள்ளைக்குப் போய்ச் சேருமோ. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

பவுண்டுக்காரர் இருளப்பன் வாசலிலேயே மறித்தார். "முளை இல்லாத பிள்ளைகிட்ட இதை விட்டா, நீங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இங்க வந்து நிக்கும் தாயி."

"எங்கிட்ட ஒரு முளை இருக்குல்ல அண்ணே, அதைப் பிடுங்கி இவளுக்கு அடிச்சிருங்க."

"அப்ப உங்க கவனம்?"

"எனக்கென்ன, பள்ளிக்கூடமா, பரீட்சையா?"

இருளப்பன் தவமணியின் குதிகாலிலிருந்து முளையைப் பிடுங்கினார். துரு ஏறாத நல்ல முளை. அதை இளவஞ்சியின் குதிகாலில் வைத்துக் கல்லால் பதமாகத் தட்டி, அவள் கவனத்தைக் கொண்டுவந்து கயிற்றால் கட்டினார். பிள்ளை கண்ணைச் சிமிட்டினாள். தலையைத் தூக்கித் தாயின் முகத்தை ஆசை தீரப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள்.

தவமணி சுவரில் ஊர்கிற எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளவஞ்சி முந்தானையைப் பிடித்து இழுத்து இழுத்துக் கூப்பிட்டாள்.

இப்போது இளவஞ்சி படிப்பில் சுட்டி. பள்ளி விட்டதும் நேராகப் பவுண்டுக்குப் போகிறாள். அம்மாவின் கவனத்தை இருளப்பன் சந்தைக்கு ஓட்டவில்லை, சினையாக இருந்ததால் நிறுத்திவைத்திருந்தார். நேற்று அது ஈன்றது. சீம்பாலைத் தூக்குவாளியில் வாங்கிவந்து, வெல்லம் போட்டுக் காய்ச்சி, இளவஞ்சி அம்மாவுக்கு ஊட்டிவிட்டாள்.

"ருசியா இருக்கு பாப்பா. நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று தவமணி கேட்டாள்.

"பக்கத்து வீடு" என்று சொல்லிவிட்டு, கன்றைப் பால் குடிக்க விட நேரமாகிவிட்டதால் இளவஞ்சி எழுந்து போனாள்.