வெள்ளிக்கிழமைக்கு மாற்றப்பட்டவள்

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் நகுலேஸ்வரி கேத்திலில் தண்ணீர் வைப்பாள். அது கொதிப்பதற்குள் வன்னியில் போருக்குள் அகப்பட்டிருக்கும் தங்கைக்கு ஒருமுறை அழைத்துப் பார்ப்பாள். 2009ஆம் ஆண்டு மாசி மாதம் அது. தண்ணீர் கொதிக்கும், தொலைபேசி இணைப்பு கிடைக்காது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவாள். லண்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் நலப் பிரிவு அதிகாரி அவள். தன் கவலையை மேசை லாச்சிக்குள் பூட்டிவிட்டு ஊரார் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்வதுதான் வேலை.

அன்று தண்ணீர் கொதிக்கும் முன்பே வாசலில் ஒரு பெண் நின்றாள். ஷிரா, இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி. எட்ஜ்வேர் பக்கத்து யூதக் குடும்பத்துப் பிள்ளை. கையில் இருந்த பையிலிருந்து தன் ஆய்வுகூடக் கோட்டை எடுத்து மேசையில் விரித்தாள். வெள்ளைக் கோட்டின் முதுகில் கறுப்பு மையால் நாஜிச் சின்னம் கிறுக்கியிருந்தது.

"இதை யார் செய்தது என்று தெரியாது," என்றாள். "ஆனால் செவ்வாய்க்கிழமை வகுப்புக்குள் நான் நுழைந்தாலே மூன்று பேர் காஸ் திறக்கிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் போடுகிறார்கள். என் தாத்தாவின் அக்கா தங்கைகளை நாஜிகள் விஷக்காஸ் அறையில்தான் கொன்றார்கள். அது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்கிறார்கள்."

தை மாதம் காஸாவில் இஸ்ரேலின் குண்டுகள் விழுந்த நாளிலிருந்து இது நடக்கிறதாம். அந்த மூவரில் ஒருவனாவது காஸாவுக்காக ஓர் ஊர்வலத்தில் நடந்திருப்பானா என்றால் இல்லை. கைக்கெட்டிய ஒரு யூதப் பிள்ளையிடம் வீரம் காட்டுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

நகுலேஸ்வரி எழுந்து போய் ஷிராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொஞ்ச நாளைக்கு உன் கழுத்துச் சங்கிலியில் இருக்கிற அந்த யூத நட்சத்திரத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொள்," என்றாள். "வகுப்பையும் மாற்றித் தருகிறேன். அவர்கள் முகத்தில் நீ முழிக்கவே வேண்டாம்."

கொழும்பில் சோதனைச்சாவடி வருமுன் தமிழச்சி என்று தெரியாதபடி பொட்டை அழித்துவிட்டு, பஸ்ஸில் வாய் திறக்காமல் இருந்து பழகியவள் அவள். ஒளிந்துகொள்வதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. அதைத்தான் இந்தப் பிள்ளைக்கும் எடுத்துக் கொடுத்தாள். அன்பாகத்தான் கொடுத்தாள், பாவம்.

ஷிரா சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள். "அவர்களை என்ன செய்யச் சொல்வீர்கள்?"

"விசாரிப்போம்," என்றாள் நகுலேஸ்வரி. அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி என்று சொன்னவளுக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஆய்வுகூட வகுப்பை எடுப்பவர் பாலசுப்பிரமணியன். திருச்சிக்காரர், நல்ல மனிதர், வம்பு என்றால் ஒரு மைல் தூரம் ஓடுகிறவர். நகுலேஸ்வரி அவரது அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆமா மேடம், அந்தச் சத்தத்த நானும் கேட்டேன்!" என்றார். "கேஸ் லீக் ஆகுதோன்னு பயந்துபோயி எல்லாக் குழாயையும் நானே செக் பண்ணுனேன். பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எதுக்குன்னு அப்போ புரியல."

"இப்ப விளங்குதோ சேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அடக் கடவுளே. அந்தப் பொண்ணு முன்னாடியா நான் குழாயத் தடவிக்கிட்டு நின்னேன்?"

"அந்தப் பெடியளைக் கூப்பிட்டுக் கதையுங்கோவன்."

"பேசலாம். ஆனா காலம் சரியில்ல மேடம். வாயத் திறந்தா நாம ஒரு பக்கம் சாஞ்சுட்டோம்னு சொல்லிடுவாங்க."

"என்ன பக்கம் சேர்? காஸாவில சாகிற பிள்ளையளுக்காகப் போன மாசம் நானும் ஊர்வலம் போனனான். அதுக்கும் இந்தப் பிள்ளையின்ர கோட்டில கிறுக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நியாயந்தான். மேல சொல்லிப் பாப்போம்," என்று எழுந்துகொண்டார்.

மேலே சொன்னார்கள். மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்தது கூட்டம் போடுவது. கூட்டம் போட்டார்கள், தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. மாணவர்களுக்கு அனுப்பவிருந்த மின்னஞ்சலில் 'யூத வெறுப்பு' என்று நகுலேஸ்வரி எழுதியிருந்தாள். அது சூடான சொல் என்று துறைத்தலைவர் எடுத்துவிட்டு, எல்லோரும் எல்லோரையும் மதிப்போம் என்று போட்டார். கோட்டில் கிறுக்கியது யாரென்று தெரியாது, சத்தம் போட்டதற்குச் சாட்சி இல்லை, ஆகவே நடவடிக்கை எடுக்க வழியில்லை என்றார்.

சாட்சி அந்த மேசையிலேயே உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தது. நகுலேஸ்வரி பாலசுப்பிரமணியனைப் பார்த்தாள். அவர் கோப்பையைப் பார்த்தார். அந்தச் சத்தத்தை அவர் கேட்டவர்தானே என்று அவளாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. நல்ல மனிதரை நாலு பேர் முன்னால் மாட்டிவிடுவதா என்று விழுங்கிவிட்டாள்.

கடைசியில் ஒரு முடிவு எடுத்தார்கள். ஷிராவை வெள்ளிக்கிழமைப் பிற்பகல் வகுப்புக்கு மாற்றுவது. யாருக்கும் வலிக்காத முடிவு என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை ஷிரா வரவில்லை. திங்கட்கிழமை வந்தாள், உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமை பொழுது படுவதற்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் ஓய்வுநாளான சபாத் அப்போது தொடங்கிவிடும்," என்றாள். "உங்கள் வகுப்பு முடிய ஐந்து மணி. இந்தக் குளிர்காலத்தில் நான் எட்ஜ்வேர் போய்ச் சேருமுன் இருட்டிவிடும்."

நகுலேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடாதவள் அவள். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் பூசைக்காக அன்று வேலையிலிருந்து வேளையோடு கிளம்ப அனுமதி வாங்கி வைத்திருப்பவள். இந்தப் பிள்ளைக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"தெரியாமல் செய்துவிட்டோம் ஷிரா. இன்றைக்கே மாற்றித் தருகிறேன்."

"கேட்டால் மாற்றுவீர்கள் என்று அப்பாவும் சொன்னார். எனக்குக் கேட்டு அலுத்துவிட்டது." அவள் குரல் உயரவில்லை. "சங்கிலியை மாற்று, வகுப்பை மாற்று, நாளை மாற்று. என்னிடம் மட்டும்தான் எல்லோரும் சொல்கிறீர்கள். அந்த மூன்று பேரும் இன்னும் அதே மேசையில் இருக்கிறார்கள். நான் இங்கே படிப்பை விடுகிறேன். வேறு ஊரில் முதலிலிருந்து தொடங்கப் போகிறேன்."

நகுலேஸ்வரி மன்றாடினாள். புகாரை மறுபடி எடுப்போம், துணைவேந்தர் வரை போவோம் என்று என்னவெல்லாமோ சொன்னாள். ஷிரா பொறுமையாகக் கேட்டாள். கதவருகில் நின்று, "நீங்கள் நல்லவர், நகுலா. அது எனக்குத் தெரியும்," என்றாள். அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

மறுநாள் மாலை பாலசுப்பிரமணியன் நகுலேஸ்வரியின் அறைக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"இன்னிக்கு கிளாஸ்ல சொல்லிட்டேன் மேடம். நீங்க பண்ணுனது விளையாட்டு இல்ல, யூத வெறுப்புன்னு நேராவே சொன்னேன். நான் காதால கேட்டேன்னு ஹெட் கிட்டயும் சொல்லியாச்சு. விசாரணை வைக்கிறாங்களாம்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஆனா அந்தப் பொண்ணு இல்லாத கிளாஸ்ல சொல்லி என்ன பிரயோஜனம்?"

இனி வருகிற பிள்ளைக்கு உதவும் என்று சொல்லலாம். போன பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

"இதை முதல் நாளே சொல்லியிருக்க வேணும் சேர்," என்றாள். "வெறுப்பை வெறுப்பெண்டு பேர் சொல்லி, கேட்டதைக் கேட்டனெண்டு சொல்லியிருந்தால் போதும். உனக்கு என்ன வேணுமெண்டு அந்தப் பிள்ளையிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதொண்டும் எங்களால ஏலாத வேலையில்ல. ஆனா நாங்கள் என்ன செய்தனாங்கள்? அடிச்சவங்களை இருந்த இடத்திலயே விட்டிட்டு, அடிபட்ட பிள்ளையை நகர்த்தினம். நகர்த்தி நகர்த்தி, கடைசியில வாசலுக்கு வெளியில கொண்டுபோய் விட்டிட்டம்."