தண்ணீர் குடிக்காத லைன்

விடிவதற்கு முன்பே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துத் தூக்கி, சோறு வடித்து, இன்சுலின் ஊசியைத் தானே வயிற்றில் குத்திக்கொண்டு, மாதனூரில் கம்பெனி பஸ் ஏறினாள் பிரிசில்லா. வயது ஐம்பத்தாறு. ஆம்பூர் ஷூ கம்பெனியில், பசை நாற்றத்துக்கும் தோல் தூசிக்கும் நடுவே மெஷினில் குனிந்தால் மாலைவரை முதுகு நிமிராது.

அவள் வேலை செய்யும் தையல் லைனில் பெண்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. லைனுக்கு ஒரே ஒரு டோக்கன்தான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாத்ரூம் போக வேண்டும். போனவள் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். சர்க்கரை நோய்க்காரியின் உடம்பு டோக்கனுக்குக் கட்டுப்படுமா? அதனால் மற்றவர்கள் தொண்டையைக் காயப்போட்டுத் தங்கள் முறையையும் பிரிசில்லாவுக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

சூப்பர்வைசர் செல்வகுமாருக்கு அதுவும் பொறுக்கவில்லை. அன்று காலை டோக்கனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"எத்தினி வாட்டிம்மா போவ? டார்கெட்ட முடிச்சிட்டுப் போ."

"முடியல சார். அவசரம்."

"முடியலன்னா வேலைக்கு ஏன் வர்ற?"

கொஞ்ச நேரத்தில் பிரிசில்லாவின் புடவை நனைந்தது. உட்கார்ந்த இடத்திலேயே. பேரன் பேத்தி எடுத்தவள், இத்தனை பேர் நடுவில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். செல்வகுமார் மூக்கைப் பொத்திக்கொண்டு மேனேஜரைக் கூப்பிடப் போனான். அந்தக் கையை முறித்தால் என்ன என்று தோன்றியது பக்கத்து மெஷின் தூபாவுக்கு.

மேனேஜர் ஹேமந்த் பிரிசில்லாவை ஆபீசுக்கு அழைத்து ஒரு வெள்ளைத் தாளை நீட்டினான். "கம்பெனி ஆஸ்பத்திரி இல்லம்மா. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"வேலை போனா இ.எஸ்.ஐ. போய்டும் சார். அப்புறம் ஊசி மருந்து யாரு குடுப்பாங்க?"

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"உங்க அம்மாவுக்கும் வயசாயிருக்கும் இல்ல சார்? அவங்க பாத்ரூம் போவ யாராண்ட பர்மிஷன் கேக்கறாங்க?"

ஹேமந்துக்கு முகம் சிவந்தது. "எழுதும்மா!" என்று மேசையைத் தட்டினான்.

அந்தச் சத்தம் லைன்வரை கேட்டது. தூபா மெஷினை நிறுத்தினாள்.

"அக்காவுக்காகத்தான நாம தண்ணி குடிக்காம கெடந்தோம்? அது கம்பெனிக்குத்தான் வசதியாப் போச்சு. ஒரு டோக்கன் போதும்னு நெனச்சிட்டாங்க."

மூலையில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கிவந்து, மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, அடுத்தவளிடம் கொடுத்தாள். அவள் குடித்தாள். பிறகு அடுத்தவள். பயந்தவர்களும் குடித்தார்கள். மெஷின்கள் ஓய்ந்தன.

"வேலை போய்டும், பாத்துக்கோங்க!" என்று கத்தினான் செல்வகுமார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லைன் மொத்தமும் ஆபீஸ் வாசலில் வரிசை கட்டியது.

"இன்னா இது?" என்று ஹேமந்த் வெளியே வந்தான்.

"பாத்ரூம் போவணும் சார், எல்லாரும்," என்றாள் தூபா. "டோக்கன் ஒண்ணுதான இருக்குது? அதான் வரிசைல நிக்கறோம். நீங்களே சொல்லுங்க, யாரு மொதல்ல போறது? இன்னிக்கு யாரும் அடக்க மாட்டோம்."

பிரிசில்லா எழுதாத தாளை மேசையிலேயே போட்டுவிட்டு, ஈரப் புடவையோடு வந்து தூபாவின் பக்கத்தில் நின்றாள். இப்போது அவள் தலை குனியவில்லை. ஹேமந்த் போனை எடுத்து யாரையோ அவசரமாக அழைத்தான். நாளைக்கு இவர்களில் எத்தனை பேரைக் கம்பெனி கேட்டுக்குள் விடுவார்களோ, தெரியாது.

அடுத்த லைனிலும் மெஷின்கள் நிற்கத் தொடங்கின. அங்கே பெண்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.